ஃபார்ம் போய்விட்டதா, இடுப்பு மூட்டு போய்விட்டதா?

ரசிகர்கள் ஒரு வீரரைப் பற்றி வாதம் செய்யும்போது பெரும்பாலும் அவருடைய மனத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அக்கறை இல்லை, பணம் வந்ததும் திமிர் வந்துவிட்டது, அணியோடு ஒட்டவில்லை, பெரிய ஆட்டமென்றால் பயம். நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். என் பிழைப்பு உடம்போடு. ஆகவே இந்த வாதங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றும்: அந்த மனிதர் எந்தக் காலில் தரையிறங்குகிறார் என்று யாராவது பார்த்தீர்களா?

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏயில் ஐசையா தாமஸ் கதையை எடுத்துக்கொள்வோம். (டெட்ராய்ட்டில் ஆடிய பழைய தாமஸ் அல்ல, பாஸ்டனில் ஆடிய குட்டையானவர்.) உயரம் 5 அடி 9 அங்குலம். 2016-17 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 28.9 புள்ளிகள். மார்ச் மாதம் இடுப்பில் அடி விழுந்தது, அதோடு ஆடினார். ஏப்ரலில் பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) தொடங்குவதற்கு முந்தைய நாள் அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்துபோனார்; மறுநாள் களத்தில் இருந்தார். மே 2, தங்கையின் பிறந்தநாளன்று, வாஷிங்டனுக்கு எதிராக 53 புள்ளிகள் எடுத்தார். அடுத்து கிளீவ்லாண்டுடன் நடந்த தொடரில் இரண்டாவது ஆட்டத்தோடு இடுப்பு முழுவதுமாகப் படுத்துவிட்டது.

ஆகஸ்டில் பாஸ்டன் அவரை அதே கிளீவ்லாண்டுக்குக் கொடுத்துக் கைரி இர்விங்கை வாங்கியது. கிளீவ்லாண்ட் மருத்துவர்கள் தாமஸைப் பரிசோதித்தார்கள். உடனே அந்த அணி இன்னும் கொஞ்சம் கேட்டது. 2020-ஆம் ஆண்டின் புதுமுக வீரர் தேர்வில் இரண்டாம் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமையைப் பாஸ்டன் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் பேரம் முடிந்தது. 2018 ஜனவரியில் களமிறங்கினார். 15 ஆட்டங்கள், சராசரி 14.7 புள்ளிகள், வீசிய பந்துகளில் 36 விழுக்காடுதான் வளையத்துக்குள் விழுந்தன. பிப்ரவரியில் லேக்கர்ஸ் அணிக்குத் தள்ளிவிடப்பட்டார். மார்ச்சில் இடுப்பில் அறுவை சிகிச்சை. கோடையில் டென்வர் அணியோடு ஓராண்டு ஒப்பந்தம், குறைந்தபட்சச் சம்பளத்தில்.

ஆட்டத்திறன், அணியின் இணக்கம், பரிமாற்றம், ஒப்பந்தம் என்று ரசிகர்கள் தனித்தனியாக நடத்தும் நான்கு வாதங்களும் இங்கே ஒரே இடுப்பில் வந்து முடிகின்றன. எப்படி என்று சொல்கிறேன். இடுப்பு மூட்டுக் குழியின் ஓரத்தைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பு வளையம் கிழிந்தவருக்குக் காலை உள்பக்கம் திருப்புவது வலிக்கும். தாழ்ந்து உட்கார்ந்து தடுக்கும் நிலையில் நிற்க முடியாது. எதிராளி பக்கவாட்டில் வெட்டும்போது அரை அடி பிந்துவார். அந்த அரை அடியை அடைக்கப் பக்கத்தில் நிற்பவர் தன் ஆளை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். விட்டுவந்த ஆள் மூலையில் தனியாக நின்று மூன்று புள்ளி எடுத்துவிட்டுப் போவார். தொலைக்காட்சியில் நமக்குத் தெரிவது இருவர் ஒருவரையொருவர் பார்த்துக் கையை விரிப்பது மட்டும். மறுநாள் தலைப்பு: அணியில் ஒற்றுமை இல்லை.

வீச்சும் அப்படித்தான். கூடைப்பந்தில் கை குறி வைக்கும். தூரத்தைக் கொடுப்பது கால். கால் உந்தாதவரின் பந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகாது. நேராகப் போய், எட்டாமல், வளையத்தின் முன்விளிம்பில் இடித்து விழும். ஒரு வீரர் திரும்பத் திரும்ப முன்விளிம்பில் இடித்தால் நான் அவருடைய தன்னம்பிக்கையைப் பற்றி யோசிக்க மாட்டேன். இடுப்பு, முழங்கால், தூக்கம் என்ற வரிசையில்தான் யோசிப்பேன்.

எல்லாப் பழியையும் மூட்டின் மேல் போடவில்லை. அந்தக் கிளீவ்லாண்ட் அணியில் வேறு புகைச்சல்களும் இருந்தன. அதே அணியில் ஆடிய கெவின் லவ், 2017 நவம்பரில் ஆட்டத்தின் நடுவிலேயே பீதித் தாக்குதலுக்கு ஆளானார். 2018 மார்ச்சில் அவரே எழுதும்வரை வெளியுலகுக்குத் தெரியாது. இடையில் ஜனவரியில் ஓர் ஆட்டத்திலிருந்து உடல்நலமின்றி அவர் விலகியபோது, அணிக் கூட்டத்திலேயே சிலர் அதைச் சந்தேகித்ததாகச் செய்திகள் வந்தன. பக்கத்து இருக்கையில் உடைமாற்றுகிறவருக்கே புரியாதது, திரையில் பார்க்கிற நமக்கு எப்படிப் புரியும்?

இனி ஒப்பந்தம். ‘மருத்துவப் பரிசோதனையில் தேறினால்’ என்ற நிபந்தனையை ரசிகர்கள் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். பேஸ்பால் வீரர் கார்லோஸ் கொரேயாவுக்கு நடந்ததைப் பாருங்கள். 2022 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவருக்கு 13 ஆண்டுகளுக்கு 35 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பரிசோதனைக்குப் பிறகு அறிமுக நிகழ்ச்சியையே நிறுத்தியது. நியூயார்க் மெட்ஸ் 12 ஆண்டுகளுக்கு 31.5 கோடி என்று முன்வந்தது. அவர்களுடைய மருத்துவர்களும் தயங்கினார்கள். கடைசியில் 2023 ஜனவரியில் மின்னசோட்டா 6 ஆண்டுகளுக்கு 20 கோடி டாலர் உறுதியளித்தது. தயக்கத்துக்குக் காரணம் 2014-இல் உடைந்து, தகடு வைத்துச் சரிசெய்யப்பட்ட ஒரு கால். அந்தக் காலோடுதான் அவர் அத்தனை ஆண்டுகளும் முதல் தரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்.

‘ஆடிக்கொண்டிருப்பவரை எப்படித் தேறவில்லை என்று சொல்லலாம்?’ என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கேள்வி வேறு. இன்று ஆட முடியுமா என்று அந்த மருத்துவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பதிமூன்றாவது ஆண்டில் அந்தக் கால் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். அதற்கு ஸ்கேன் படத்தில் விடை இல்லை, கணிப்புதான் உண்டு. கணிப்பு தப்பவும் செய்யும். 2009 பிப்ரவரியில் கூடைப்பந்து வீரர் டைசன் சாண்ட்லரை ஓக்லஹோமா அணி வாங்க இருந்து, கால் கட்டைவிரலைப் பார்த்துவிட்டுத் திருப்பியனுப்பியது. 2011-இல் டல்லாஸ் அணி என்பிஏ கோப்பை வென்றபோது நடுவில் நின்றவர் அதே சாண்ட்லர்.

பரிசோதனை இவ்வளவு பணத்தைத் தீர்மானிக்கும்போது வீரர்கள் என்ன செய்வார்கள்? மறைப்பார்கள். அமெரிக்கக் கால்பந்தில் பல ஒப்பந்தங்களில் சம்பளத்தின் பெரும்பகுதிக்கு உறுதி கிடையாது. அடிபட்டவரை அடுத்த ஆண்டு நீக்கிவிடலாம். அங்கே தலையில் பட்ட அடியைச் சொல்லாமல் ஆடியவர்கள் எத்தனையோ பேர். பெரிய பணம் வேண்டும் என்றுகூட இல்லை. என்னிடம் வரும் கிளப் வீரர்களில் சிலர் ஒப்பந்தம் முடிகிற ஆண்டில் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்: ‘சார், ஸ்கேன் மட்டும் எழுதாதீர்கள். எடுத்தால் அறிக்கையில் வந்துவிடும்.’ ‘ஒப்பந்த ஆண்டு என்பதால் உயிரைக் கொடுத்து ஆடுகிறான்’ என்று புகழ்கிற ரசிகர் எதைப் புகழ்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்தது ‘மருத்துவர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள், இன்னும் ஏன் ஆடவில்லை?’ என்ற முணுமுணுப்பு. சிகாகோ கூடைப்பந்து அணியின் டெரிக் ரோஸ் இதில் மாட்டிக்கொண்டவர். 2011-இல் 22 வயதில் என்பிஏயின் மிகச் சிறந்த வீரர் விருது. அந்த விருதை அதைவிட இளம் வயதில் வாங்கியவர் இல்லை. 2012 ஏப்ரல் 28 அன்று இடது முழங்காலின் முன்சிலுவை ஜவ்வு (ஏசிஎல்) கிழிந்தது. 2013 வசந்தத்தில் மருத்துவ அனுமதி கிடைத்தும் அந்தப் பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. சிகாகோ ரசிகர்களில் ஒரு பகுதியினர் கோழை என்றே ஏசினார்கள்.

ஜவ்வு கிழிந்தவருக்கு அறுவை சிகிச்சையில் வைக்கப்படுவது வேறு இடத்திலிருந்து எடுத்த தசைநாண். அது உடனே ஜவ்வாகிவிடாது. முதல் சில மாதங்களில் அதன் வலு உண்மையில் குறையும். பிறகுதான் இரத்த ஓட்டம் வந்து மெல்ல மெல்ல உருமாறும். நடக்கும்போது வலியே இருக்காது. நோயாளியை ஏமாற்றுவது இந்த வலியின்மைதான். 2016-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று, ஒன்பது மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயமடையும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று காட்டியது. 25 வயதுக்கு உட்பட்டவர்கள் வெட்டித் திரும்பும் ஆட்டங்களுக்குத் திரும்பினால், சுமார் நான்கில் ஒருவருக்கு அதே முழங்காலோ மற்றதோ மறுபடி கிழிகிறது. ரோஸுக்கும் அதுபோலத்தான் ஆனது: காத்திருந்து 2013 அக்டோபரில் திரும்பினார், நவம்பரில் வலது முழங்காலின் சவ்வுத்தட்டு (மெனிஸ்கஸ்) கிழிந்தது. காத்திருப்பது காப்பீடு ஆகாது, ஆபத்தைக் குறைக்கும், அவ்வளவே.

சிகிச்சை அறையில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எட்டாவது மாதத்தில் ஓர் இளம் கால்பந்து வீரர். தரையில் அளவு நாடா ஒட்டியிருக்கும். நல்ல காலில் ஒற்றைக் காலாகத் தாவச் சொல்வேன். தாவி, அப்படியே சிலைபோல் நிற்பார். பிறகு அறுவை சிகிச்சை செய்த கால். தூரம் கிட்டத்தட்ட அதே தூரம்தான், அவர் முகத்தில் சிரிப்பு. நான் தூரத்தைப் பார்க்கவில்லை. தரையைத் தொட்ட நொடியில் முழங்கால் உள்பக்கம் ஒடிந்து, உடல் எதிர்ப்பக்கம் சாய்ந்து, கைகள் காற்றைத் துழாவின. தொடை முன்தசையின் வலுவை இயந்திரத்தில் அளந்தால் மறுகாலில் பத்தில் ஏழு பங்கு கூட இல்லை. ஒன்பது பங்காவது வேண்டும். ‘இன்னும் இல்லை’ என்றேன். அவர் துண்டுக்கு அடியிலிருந்து கைபேசியை எடுத்துக் காட்டினார். அவருடைய அணியின் ரசிகர் ஒருவர் அனுப்பியிருந்தார்: ‘சம்பளம் வாங்கிக்கொண்டு ஓய்வா?’ அந்த ஒரு வரி, என் இயந்திரத்தில் வந்த எண்ணைவிட அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இது பெரிய மேடையிலும் நடக்கும். 2019 மே மாதம் கோல்டன் ஸ்டேட் அணியின் கெவின் டுரான்டுக்குக் கெண்டைக்காலில் காயம். அவர் இல்லாமல் அணி ஹூஸ்டனை முடித்து, போர்ட்லாண்டை 4-0 என்று வென்றது. உடனே வாதம் கிளம்பியது: டுரான்ட் இல்லாதபோதுதான் இந்த அணி அழகாக ஆடுகிறது, பந்து ஓடுகிறது, இணக்கம் தெரிகிறது. இறுதித் தொடரில் டொரான்டோவிடம் 3-1 என்று பின்தங்கியதும் அதே வாய்கள் ‘எப்போது வருவார்?’ என்றன. ஜூன் 10 அன்று வந்தார். 12 நிமிடம், 11 புள்ளிகள். பிறகு குதிகால் நாண் அறுந்து விழுந்தார். அரங்கில் சிலர் கைதட்டினார்கள். கெண்டைக்கால் காயம்தான் நேரடியாக நாணை அறுத்தது என்று என்னால் வெளியிலிருந்து சொல்ல முடியாது; இரண்டும் ஒரே தசைத் தொடரில் இருப்பவை என்பது மட்டும் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

எதிரணியில் நின்றவர் கவாய் லெனார்ட். முந்தைய பருவத்தில் தொடைக் காயத்தால் சான் அன்டோனியோவுக்காக 9 ஆட்டங்கள் மட்டுமே ஆடி, ‘அணிக்குத் துரோகி’ என்ற பெயரோடு பரிமாற்றத்தில் வந்தவர். டொரான்டோ அவரை 82 வழக்கமான ஆட்டங்களில் 60-இல் மட்டும் ஆடவைத்தது. அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தால் ஒன்றில் உட்காரவைத்தது. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஜூனில் கோப்பையும் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவர் கைக்கு வந்தன.

அதற்காக வாதமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாதம் இல்லாத விளையாட்டு யாருக்கு வேண்டும்? புள்ளிகளோடு இன்னும் சிலவற்றையும் பாருங்கள் என்கிறேன். கடைசி பத்து நாளில் எத்தனை நிமிடம் ஆடினார், எந்தக் காலை ஊன்றி எழுகிறார், இடைவேளைக்குப் பின் முதல் ஓட்டம் எப்படி இருக்கிறது, இருக்கையில் உட்காராமல் ஏன் தரையில் குப்புறப் படுத்திருக்கிறார். அணி வெளியிடும் காய அறிக்கையில் இருப்பது சொல்ல அனுமதிக்கப்பட்டது மட்டும். மருத்துவக் குறிப்பு அந்த வீரருடைய சொந்த விஷயம். பந்தயத்தில் பணம் போனவர் வீரரின் கணக்குக்கே வசை அனுப்புவதை மட்டும் நான் வாதம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ரசிகர்களில் பலர் வாரக் கடைசியில் தாங்களும் ஆடுகிறவர்கள். ‘வலியோடு ஆடுபவனே ஆண்மகன்’ என்ற பேச்சு அவர்கள் காலிலும் இறங்கியிருக்கிறது. முழங்கால் திருகி இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கினால், உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்; ஐஸ் வைத்துவிட்டு அடுத்த வாரம் ஆடும் காயம் அல்ல அது. நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது இடுப்பின் முன்மடிப்பில் குத்துகிற வலி மாதக்கணக்கில் இருந்தால் மூட்டைப் பார்க்க வேண்டும். ஓடும்போது யாரோ பின்னாலிருந்து குதிகாலுக்கு மேல் உதைத்ததுபோல் தோன்றி, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லையென்றால், நாண் அறுந்திருக்கலாம். முப்பது வயதைத் தாண்டி அவ்வப்போது ஆடுகிறவர்களுக்கு இது அதிகம் வருகிறது. நொண்டி நொண்டி நடக்க முடிவதால் சுளுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, கெண்டைத் தசையை வேறொருவர் கையால் அழுத்தச் சொல்லுங்கள். பாதம் அசையவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அசைந்தாலும் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் அப்போதும் போங்கள்.