அளவு: பூஜ்ஜியம் பைட்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மின்சாரம் போய் வந்தபின் சேவை எழ மறுக்கிறது என்று அழைக்கிறார்கள். உள்ளே நுழைந்து பார்த்தால், சேவையின் அமைப்புகள் (கான்ஃபிக்) இருக்கும் கோப்பு அதே இடத்தில், அதே பெயரில், அதே அனுமதிகளோடு இருக்கிறது, அளவு மட்டும் பூஜ்ஜியம் பைட். நிரலை எழுதியவரிடம் கேட்டால் ஒரே பதில்தான்: “ரைட் எந்தப் பிழையும் தரவில்லை, கோப்பை முறையாக மூடினேன், திரும்பப் படித்தும் சரிபார்த்தேன்.”

அந்தச் சரிபார்ப்பைப் பற்றித்தான் பேச வேண்டும். கோப்பில் எழுதச் சொல்லும் ரைட் அழைப்பு வெற்றி என்று திரும்பினால், இயங்குதளம் உங்கள் தரவைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டது என்பதே பொருள். வட்டில் ஒரு பைட்கூட இறங்காமல் இருக்கலாம். லினக்ஸின் இயல்பு அமைப்பில், எழுதுவதற்குப் பொறுப்பான பின்னணி இழை (த்ரெட்) 5 வினாடிக்கு ஒருமுறை விழித்து, 30 வினாடிக்கு மேல் காத்திருக்கும் நினைவகப் பக்கங்களை (தரவுத் துண்டுகளை) வட்டுக்கு அனுப்புகிறது. அந்த இடைவெளியில் நீங்கள் கோப்பைப் படித்தால் உங்களுக்குக் கிடைப்பது அதே நினைவகத்தில் இருக்கும் நகல்தான். வேறொரு நிரல் படித்தாலும் அதே நகல்தான். ஆகவே திரும்பப் படித்துப் பார்ப்பது வட்டைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. ஃப்ளஷ் செய்தேன் என்பவருக்கும் இதே பதில்தான்: அது நிரல்மொழி நூலகத்தின் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) கிடப்பதை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது, அதற்கு மேல் போவதில்லை. க்ளோஸ் செய்வதும் வட்டுக்கு உத்தரவாதம் தருவதில்லை. அந்த உத்தரவாதத்தைக் கேட்டுப் பெறும் அழைப்பு எஃப்சிங்க்; மேக் கணினிகளில் அதுவும் போதாமல், வட்டின் உள் தற்காலிக நினைவகத்தையும் காலி செய்யச் சொல்லும் எஃப்_ஃபுல்எஃப்சிங்க் தேவைப்படுகிறது.

பூஜ்ஜியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய கோப்பை ‘டபிள்யூ’ (எழுதும்) முறையில் திறக்கும் அந்தக் கணமே பழைய உள்ளடக்கம் வெட்டி எறியப்படுகிறது, புதியதோ இன்னும் எழுதப்படவில்லை. தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். அதே அடைவில் தற்காலிகக் கோப்பொன்றை உருவாக்கி, அதில் முழுவதையும் எழுதி, எஃப்சிங்க் செய்து, அதன் பிறகே ரீநேம் மூலம் பழைய பெயருக்கு மாற்றுங்கள். பின்னர் அடைவையும் எஃப்சிங்க் செய்யுங்கள். தற்காலிகக் கோப்பை வேறொரு கோப்பு முறைமையில் வைத்தால் ரீநேம் பிழை தந்துவிடும். நடுவில் வரும் எஃப்சிங்க்கை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் 2009ஐ நினைவில் கொள்ள வேண்டும்: வட்டில் இடம் ஒதுக்குவதை லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 தள்ளிப்போட்டதால், கணினி திடீரென நின்றவர்களுக்கு வெற்றுக் கோப்புகளே மிஞ்சின. பிறகு கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) அதற்குச் சமாளிப்பு சேர்க்கப்பட்டது. ஆனால் அதை நம்பி நிரல் எழுதுவது முறையல்ல.

எஃப்சிங்க் திருப்பித் தரும் விடையையும் பாருங்கள். அது தோற்றால் மறுபடி அழைப்பதில் பயனில்லை. முதல் தோல்வியிலேயே கர்னல் அந்தப் பக்கங்களை எழுதி முடித்தவையாகக் குறித்துவிடக்கூடும், இரண்டாவது அழைப்பு பொய்யாக வெற்றி சொல்லும். 2018இல் போஸ்ட்கிரஸ் தரவுத்தளக் குழுவினர் இதைக் கண்டறிந்த பின், தோல்வி வந்தால் சர்வரை நிறுத்தி, மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேட்டிலிருந்து மீள்வதே பாதுகாப்பு என்று முடிவு செய்தார்கள்.

லாக் கோப்பின் (நிகழ்வுப் பதிவின்) ஒவ்வொரு வரிக்கும் எஃப்சிங்க் போடச் சொல்லவில்லை, நிரல் தவழ ஆரம்பித்துவிடும். இழந்தால் திரும்பப் பெற முடியாதவற்றுக்குப் போடுங்கள், அல்லது எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள நூலகத்திடம் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

சோதிக்கும்போது ‘கில்’ கட்டளையால் நிரலைக் கொன்றுவிட்டு, தரவு பத்திரமாக இருக்கிறது என்று எனக்கு எழுதாதீர்கள். நிரல் செத்தாலும் கர்னல் உயிரோடு இருக்கிறது, அது வாங்கி வைத்ததைப் பிறகு நிதானமாக வட்டில் எழுதிவிடும். கோப்பை எழுதிய மறுகணமே சோதனைக் கணினியின் மின்இணைப்பைப் பிடுங்குங்கள்; மீண்டும் இயக்கியதும் முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள்.