ராத்திரி எப்படித் தூங்குகிறான்?

இரண்டு வயதுப் பையன். காத்திருந்த அரை மணி நேரமும் அம்மா தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் தடித்துக் கருத்திருந்தது. ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது அவன் நகம்தான். பாலிஷ் போட்டதுபோல் மினுமினுத்தது. மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துச் சொறிகிற கையின் நகம் அப்படித்தான் பளபளக்கும்.

"ராத்திரி எப்படித் தூங்குறான்?" என்று கேட்டேன். அம்மா பேசாமல் செல்போனை நீட்டினார். இரவு ஒன்றே முக்காலுக்கு எடுத்த வீடியோ. கண்ணை மூடியபடியே பையன் ஒரு காலால் மறு காலைத் தேய்க்கிறான். "கையைப் பிடி, மெதுவா" என்று யாரோ கிசுகிசுக்கிறார்கள். கூட வந்த பாட்டி சொன்னார்: "பல்லு முளைக்கிறப்போ ஆரம்பிச்சது டாக்டர். கண்ணு பட்டிருக்கும்னு சுத்திக்கூடப் போட்டோம்."

கரப்பான் என்று நம் வீடுகளில் சொல்லும் எக்ஸிமாவுக்கு மருந்து எழுதுகிற பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆரம்பத்தில் நானும் கேட்டதில்லை. இப்போது தோல் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்க்குமுன் வீடு எத்தனை முறை விழிக்கிறது என்று கேட்டுவிடுகிறேன்.

அரிப்பு இரவில் கூடுவது பிரமை அல்ல. அழற்சியை அடக்கி வைக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நள்ளிரவையொட்டி உடம்பில் மிகவும் குறைந்துவிடும். தூக்கம் வரும் நேரத்தில் தோலின் சூடு ஏறும். தோல் வழியாக ஈரமும் பகலைவிட அதிகம் வெளியேறும். போதாததற்கு, பகலில் கவனத்தை இழுத்த பொம்மையும் தெருவும் இருட்டில் இல்லை. பிரிட்டனின் பிரிஸ்டல் பகுதியில் 1991-92இல் பிறந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், எக்ஸிமா உள்ளவர்கள் தூங்கிய மொத்த நேரம் மற்றவர்களோடு ஏறக்குறைய ஒத்திருந்தது. கெட்டுப்போனது தூக்கத்தின் தரம். "பத்து மணி நேரம் தூங்குறானே, அப்புறம் ஏன் நாள் முழுக்கச் சிணுங்குறான்?" என்று கேட்கும் பெற்றோருக்கு அதில் விடை இருக்கிறது.

மூன்று நான்கு மாதக் குழந்தைக்குக் குறிபார்த்துச் சொறியத் தெரியாது. கன்னத்தைத் துணியில் தேய்க்கும், தலையை இடமும் வலமும் உருட்டும், அழும். பசி என்று நினைத்து அம்மா பால் கொடுப்பார். அரிப்பு அப்படியே இருக்கும். ஒரு மணி நேரத்தில் மறுபடி அழுகை.

இந்தப் பையன் வீட்டில் தினமும் பயத்தம் மாவு தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பவுடர் போட்டு, நைலக்ஸ் சேலைத் தூளியில் போட்டிருந்தார்கள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான். ஆனால் மாவு தோலை உராயும், புகை எரிச்சலூட்டும், பவுடர் ஈரத்தை உறிஞ்சும், நைலக்ஸ் வியர்வையைத் தேக்கும். பாட்டியிடம் சாம்பிராணியை விடச் சொல்வதுதான் என் வேலையிலேயே கஷ்டமான பகுதி.

குளியலை மாலைக்கு மாற்றச் சொன்னேன். வெதுவெதுப்பான நீர், பத்து நிமிடத்துக்குள். துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். அளவில்தான் எல்லோரும் கஞ்சம். உடம்பெங்கும் எக்ஸிமா உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 250 கிராம்கூட ஆகும். நம் வீடுகளில் 100 கிராம் ட்யூப் ஒரு மாதம் வருகிறது!

சிவந்து அரிக்கிற இடத்துக்கு ஸ்டீராய்டு களிம்பு வேண்டும். பெயரைக் கேட்டதுமே பாதிப் பேர் தடவுவதை விட்டுவிடுகிறார்கள். பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ற வீரியத்தில், சொன்ன நாட்களுக்கு மட்டும் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது, மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் மூன்று மருந்துக் கலவைக் களிம்புக்கு. அதில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டுதான் இருக்கும்.

தூக்கம் வரவைக்கும் சிரப்பும் பலர் கேட்பார்கள். அலர்ஜியில் உடம்பு வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பதுதான் அந்தச் சிரப். எக்ஸிமா அரிப்பு பெரும்பாலும் ஹிஸ்டமினால் வருவதல்ல, அதனால் சிரப் அரிப்பைத் தணிக்காது, மயக்கம்தான் தரும். அவற்றில் ஒன்றான ப்ரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் கீழ் மூச்சையே அடக்கிவிடக்கூடும்.

பால் கொடுக்கும் அம்மாவுக்குக் கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் 'கரப்பான் பண்டம்' என்று நிறுத்திவிடுகிறார்கள். சோதிக்காமல் இப்படிப் பட்டினி போடாதீர்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரியில் அரிக்கிறதா, குழந்தையின் உள்ளங்கையிலும் பாதத்திலும் பொரிகள் உண்டா என்றும் கேட்பேன். ஆமென்றால் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும் சிரங்காக (ஸ்கேபிஸ்) இருக்கலாம். வைத்தியமே வேறு, குடும்பம் முழுவதற்கும்.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். "அவன் முழிக்கல டாக்டர். ரெண்டு மணிக்கு எனக்குத்தான் தானா முழிப்பு வந்துடுது" என்றார் அம்மா. நகம் இன்னும் மின்னியது. புது நகம் வளர மாதங்களாகும்.

எக்ஸிமா உள்ள இடத்தில் ஒரே அளவில் கொத்துக் கொத்தாகக் கொப்புளமோ, குத்தி எடுத்ததுபோல் சிறு குழிப்புண்ணோ கிளம்பி, காய்ச்சலும் அடித்தால் அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கு விடியும்வரை காத்திருக்காதீர்கள், ராத்திரியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள்.