வேனுக்குள் பெய்த மழை

ஊட்டியில் ஜனவரி மாத இரவு. விடியற்காலை நாலு மணி இருக்கும். நெற்றியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. எழுந்து உட்கார்வதற்குள் போர்வையில் இன்னொன்று. பக்கத்தில் படுத்திருந்த மச்சான் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "மழையே பேயலயே மாப்ள, எப்படி ஒழுகுது?" என்றார்.

பழைய பதினேழு சீட் வேன் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்து, மூன்று மாதத்தில் உள்ளே கட்டிலும் அடுப்பு மேடையும் அமைத்திருந்தோம். அது எங்கள் முதல் பயணம். கூரை ஜன்னலின் ரப்பர் பீடிங்தான் விட்டுவிட்டது என்று நினைத்தோம். விடிந்ததும் மேலேறிப் பார்த்தால் அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு உட்கூரை பிளைவுட் பலகை ஒன்றைக் கழற்றினோம். பலகையின் மேல்பக்கம் ஈரத்தில் கறுத்திருந்தது. கூரைச் சட்டத்தில் முடுக்கியிருந்த ஒவ்வொரு ஸ்க்ரூவின் நுனியிலும் ஒரு நீர்த்துளி, வரிசையாக, கோர்த்த மணிபோலத் தொங்கியது. தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை. இரவு முழுக்க நாங்கள் விட்ட மூச்சுதான் அது.

வேனை வீடாக மாற்ற நினைக்கும் பலரும் ஆசாரி வேலையிலிருந்து தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் வேன் என்பது தகரப் பெட்டி. அதற்குள் மனிதர்கள் தூங்கினால் காற்றும் ஈரமும் வெப்பமும் என்ன செய்யும் என்பதை முதலில் தெரிந்துகொண்டால்தான் மரவேலை நிலைக்கும்.

கணக்கு எளிதுதான். தூங்கும் ஒருவர் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீரை ஆவியாக வெளியிடுகிறார். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் 640 கிராம், அதாவது அரை லிட்டருக்கும் மேல். எங்கள் வேனுக்குள் இருக்கும் காற்று சுமார் 10 கன மீட்டர். 18 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 15 கிராம் நீராவியைத்தான் தாங்கும். வேன் முழுக்கச் சேர்த்தால் 150 கிராம். மீதி அரை லிட்டர் எங்காவது நீராக இறங்கித்தான் ஆகவேண்டும்.

எங்கே இறங்கும்? இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தில். காற்று குளிரக் குளிர அது தாங்கும் நீராவியின் அளவு குறைகிறது. 8 டிகிரியில் அது கன மீட்டருக்கு 8 கிராம்தான். அன்றிரவு வெளியே ஏறக்குறைய 8 டிகிரி, கூரைத் தகரமும் அதே குளிர்ச்சி. மேகமில்லாத இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் கீழே போகும். திறந்த வெளியில் நிறுத்திய பைக்கின் சீட் விடியும்போது நனைந்திருப்பது இதனால்தான். உள்ளே இருந்த 18 டிகிரிக் காற்று அந்தத் தகரத்தைத் தொட்டதும், தாங்க முடியாத நீரை அங்கேயே விட்டுவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பதைப் போல எங்கள் வேனின் உள்பக்கம் வேர்த்திருந்தது.

ஸ்க்ரூ நுனிகளில் மட்டும் துளிகள் பெரிதாக இருந்ததற்கும் காரணம் உண்டு. பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே நாங்கள் கண்ணாடி இழையால் ஆன பஞ்சை, அதாவது கண்ணாடிக் கம்பளியை, அடைத்திருந்தோம். அது காற்றைப் பிடித்து வைத்து வெப்பத்தைத் தடுக்கும், ஆனால் நீராவியைத் தடுக்காது. ஆவி அதற்குள் புகுந்து தகரம் வரை போய் நீராகிவிடும். ஸ்க்ரூவோ எஃகு. வெப்பத்தைக் கடத்துவதில் எஃகு, நுரை போன்ற வெப்பக் காப்புப் பொருள்களைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகம். வெளிக்குளிரை உள்ளே கொண்டுவரும் குட்டிப் பாலங்களாக அந்த நாற்பது ஸ்க்ரூவும் வேலை செய்திருக்கின்றன.

எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்தோம். கம்பளியை எறிந்துவிட்டு, ஏசி குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட்டை, 19 மி.மீ. கனத்தில் வாங்கி, தகரத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டினோம். அதன் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை. அதனால் ஆவி அவ்வளவு எளிதில் ஊடுருவாது. கூரைச் சட்டங்களின் மேலும் அதே ஷீட்டைச் சுற்றி, பலகையை நேராகத் தகரத்தில் முடுக்காமல் நடுவே மரக்கட்டை வைத்து முடுக்கினோம். வெள்ளி நிறப் பளபளத் தாளை மட்டும் தகரத்தில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் தாள் கதிர்வீச்சைத்தான் திருப்பும். அதற்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டி நசுக்கி வைத்தால் அது வெறும் அலுமினியம், வெப்பத்தைத் தடையில்லாமல் கடத்தும்.

காப்புப் போட்டாலும் அந்த அரை லிட்டர் நீர் போக ஒரு வழி வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்தியதுதான் அன்று நாங்கள் செய்த பெரிய தவறு. பனிமூட்டத்தில் வெளிக்காற்றை உள்ளே விட்டால் ஈரம் கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 8 டிகிரி வெளிக்காற்று முழுக்க நிறைந்திருந்தாலும் கன மீட்டருக்கு 8 கிராம்தான் கொண்டுவரும். உள்ளே 18 டிகிரியில், முக்கால் பங்கு ஈரத்தோடு இருக்கும் காற்று 11 கிராமுக்கு மேல் சுமந்திருக்கும். ஒன்றை உள்ளே எடுத்து மற்றதை வெளியே தள்ளினால் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 3 கிராம் லாபம். மணிக்கு 80 கிராமை வெளியேற்ற 27 கன மீட்டர் காற்று போதும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுழலும் 12 வோல்ட் மின்விசிறி ஒன்று, இரண்டு மூன்று வாட் மின்சாரத்தில், இதைச் சுலபமாகச் செய்யும். அதற்கு எதிர்ப்பக்கம் தாழ்வாக ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைக்கவேண்டும். இப்படிப் போகும் வெப்பம் சுமார் 90 வாட். தூங்கும் இரண்டு உடம்புகளே 150 வாட் அளவுக்கு வெப்பம் தருகின்றன, அதனால் ஒரு கம்பளி கூடுதலாக இருந்தால் போதும்.

இதைச் சொல்லும்போது அடுப்பையும் சொல்லவேண்டும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும். எரிவாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவதுதான் காரணம். இரவுச் சாப்பாட்டைக் கதவைத் திறந்து வைத்துச் சமையுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும்; அதனால் சிலிண்டர் இருக்கும் அறையை உள்பக்கம் முழுக்க அடைத்து, அதன் அடித்தளத்தில் வெளியே திறக்கும் ஓட்டை விடவேண்டும். குளிர்காயக் கரியடுப்பை உள்ளே வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

மின்சாரத்துக்கு வருவோம். சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ், மின்விசிறி, விளக்குகள், போன், லேப்டாப் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 850 வாட்-மணி ஆனது (ஒரு வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட்-மணி). வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி, 12 வோல்ட்டால் பெருக்கினால், கணக்குப்படி 1800 வாட்-மணி தரவேண்டும். ஆனால் ஈய-அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குமேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். எடையும் 50 கிலோவைத் தாண்டும். சார்ஜ் ஏறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வேறு வரும், தூங்கும் இடத்தில் அது கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு 12.8 வோல்ட் என்பதால் 100 ஆம்பியர்-மணிக்கு 1280 வாட்-மணி. அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. விலை அதிகம்தான், ஆனாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

வண்டி ஓடும்போது, என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஏற்ற நேராக வயர் இழுக்கக்கூடாது. காலியான லித்தியம் பேட்டரி தரும் தடை மிகக் குறைவு, கொடுத்தால் கொடுத்த அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். நடுவே ஒரு டிசி-டிசி சார்ஜர் இருந்தால் அது 30 ஆம்பியரில் நிறுத்திக்கொள்ளும். அந்த 30 ஆம்பியருக்கும் வயரின் கனம் முக்கியம். முன்னாலிருந்து பின்னால் ஐந்து மீட்டர், போய் வரப் பத்து மீட்டர். 6 சதுர மி.மீ. செம்பு வயரில் ஏறக்குறைய 0.9 வோல்ட் வழியிலேயே வெப்பமாகப் போய்விடும். 16 சதுர மி.மீ. வயரில் 0.35 வோல்ட்தான். வீட்டில் 230 வோல்ட் என்பதால் இதே சக்திக்கு ஒன்றரை ஆம்பியரே போதும். வீட்டு வயரிங் அனுபவத்தை வேனுக்கு அப்படியே கொண்டுவரும் எலக்ட்ரீஷியன்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ஃபியூஸை பேட்டரிக்கு ஒட்டினாற்போல வையுங்கள். நடுவில் எங்காவது வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட வயர் தகரத்தில் உரசும் நாளில் காப்பாற்ற எதுவும் இருக்காது.

கூரையில் 200 வாட் சோலார் தகடு ஒன்று. அதைக் கூரையோடு ஒட்டாமல் நாலு விரல் உயரத்தில் நிறுத்தினோம். அடியில் காற்று ஓடினால் தகடு குளிர்ச்சியாக இருக்கும், மின்சாரம் கூடுதலாக வரும். கோவை வெயிலில் கூரைக்கு நிழலும் ஆகும்.

வேலையைத் தொடங்குமுன் சட்டத்தையும் பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சீட்டைக் கழற்றுவதற்கும் கூரையை வெட்டுவதற்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். 1951இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் வேனுக்குச் செய்த முதல் கேம்பிங் பெட்டி, வார இறுதியில் ஏற்றி, திங்கட்கிழமை இறக்கி வைக்கும்படி இருந்தது. கழற்றி மாட்டும் கட்டிலும் பெட்டியும் செய்வது இன்றும் நல்ல யோசனை.

அடுத்த ஜனவரியில் அதே இடத்தில் வண்டியை நிறுத்தினோம். சின்ன விசிறி இரவு முழுக்க ஓடியது. காலையில் மச்சான் முதல் வேலையாக உட்கூரையைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. முன்கண்ணாடிக்கு மட்டும் காப்பு எதுவும் போடவில்லை. அதன் உள்பக்கம் தண்ணீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. துண்டை எடுத்துத் துடைத்துப் பிழிந்தேன். அரை டம்ளர் இருந்தது.