பிரஷர் அல்சர்: பிரஷரும் இல்லை, அல்சரும் இல்லை

"அப்பாவுக்குப் பிரஷர் அல்சர் வர வாய்ப்பிருக்கு" என்று நர்ஸ் சொன்னால், கட்டிலருகே நிற்கும் மகள் காதில் வேறு எதுவோ விழும். நம் பேச்சில் பிரஷர் என்றால் இரத்த அழுத்தம், அல்சர் என்றால் வயிற்றுப்புண். "அவர் காரமே சேர்த்துக்க மாட்டாரே சிஸ்டர்" என்றுதான் பதில் வரும்.

அல்சர், லத்தீன் 'உல்கஸ்' வழி வந்தது. புண் என்பதுதான் அதன் பொருள். இங்கே பிரஷர் என்பது எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோலும் சதையும் நசுங்குவது. நசுங்கிய இடத்துக்கு இரத்தம் போகாமல் சதை செத்துப்போகிறது. முதுகுத்தண்டு முடியும் இடம், குதிகால், பின்னந்தலை எல்லாம் மாட்டிக்கொள்ளும்.

பழைய பெயர் டெக்யூபிட்டஸ். அதுவும் லத்தீன்தான், படுத்துக்கிடப்பதைக் குறிக்கும் சொல். நம் 'படுக்கைப்புண்'ணும் அதே கணக்கு. ஆனால் சக்கர நாற்காலியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கும் இது வருகிறதே, அதனால் 'அழுத்தப்புண்' தான் சரி என்பேன்.

அதிலும் ஒரு சிக்கல். முதல் நிலையில் தோல் கிழிந்தே இருக்காது, விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு மறையாது, அவ்வளவுதான். இதனால்தான் 2016இல் அமெரிக்க நிபுணர் குழு அல்சரை விட்டு 'இஞ்சுரி' என்று மாற்றியது. நமக்குக் 'கன்றிப்போதல்' என்று அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது! என்ன, மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூடோ இறுக்கமோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

யாருக்கு இந்தப் புண் வர எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் ரிஸ்க் அசெஸ்மென்ட்டுக்கு 'இடர் மதிப்பீடு'. பரவலாகப் பயன்படும் பிரேடன் அளவுகோல் 1987இல் வெளியானது. உணர்வு, ஈரம், நடமாட்டம், தானே புரள முடிவது, சாப்பாடு, உராய்வும் இழுபடுதலும் என ஆறு அம்சங்கள். கூட்டினால் 6 முதல் 23 வரை. மதிப்பெண் குறையக் குறைய இடர் கூடும், 18க்குள் வந்தாலே உஷார்.

அந்த 'இழுபடுதல்', ஆங்கில 'ஷியர்' என்பதற்கு என் மொழிபெயர்ப்பு. இயற்பியல் பாடநூலில் 'சறுக்குப்பெயர்ச்சி' என்று இருக்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியதும் பெரியவர் மெல்லக் கீழே சறுக்குவார், தோல் பெட்ஷீட்டோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகர்ந்துவிடும். இதைப் போய் அந்த மகளிடம் சறுக்குப்பெயர்ச்சி என்றால் அவர் மறுபடி முழிப்பார். "தோல் இழுபடுதும்மா, கொஞ்சம் தூக்கிப் படுக்க வைப்போம், இழுக்க வேண்டாம்" என்றால் உடனே அந்தப்பக்கம் வந்து கை கொடுப்பார்.