பிளே-ஆஃப்: ஆடித் தீர்க்க வேண்டிய கணக்கு

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. முந்தின நாள்தான் நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டிருந்தோம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையில், விரலில் மையோடு ஐந்தாறு பேர் ஒரு செல்போனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். போன் முறுக்குப் பாட்டிலில் சாய்ந்திருந்தது. கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் எஃப்.சி. கோவாவுக்கும் எங்கள் அணியான 'சென்னையின் எஃப்.சி.'க்கும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து பிளே-ஆஃப். தோற்றால் அந்த சீசன் அன்றோடு சரி.

கடைக்கார அண்ணாச்சிக்குக் கால்பந்து அவ்வளவாகப் பழக்கமில்லை. "அதென்னடே பிளே-ஆஃபு? ஃபேன ஆஃப் பண்ணுத மாதிரி வெளாட்ட ஆஃப் பண்ணுததா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் பதில் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை.

அண்ணாச்சி கை வைத்த இடம் சரியான இடம்தான். 'பிளே' எல்லாருக்கும் தெரியும். முடிச்சு அந்த 'ஆஃப்'பில் இருக்கிறது. விளக்கை அணைக்கிற 'ஆஃப்' இல்லை இது. ஆங்கிலத்தில் சில வினைகளின் பின்னால் இந்த 'ஆஃப்' வந்து ஒட்டிக்கொண்டால், அந்தச் செயலைச் செய்து முடித்துவிட்டோம், இனி பாக்கி இல்லை என்று பொருள் வரும். கடனை முழுதாக அடைத்தால் 'பே ஆஃப்', மிச்சம் வைக்காமல் முடித்தால் 'ஃபினிஷ் ஆஃப்'. அதே கணக்கில், இரண்டு பேர் சமமாக நிற்கும்போது யார் மேல் என்று மறுபடி ஆடி முடிவு கட்டுவது 'பிளே ஆஃப்'. முதலில் வினையாக இருந்து, அப்புறம் அந்த ஆட்டத்துக்கே பெயராகிவிட்டது.

இதற்குத் தமிழில் சொல் தேடி அகராதி புரட்ட வேண்டியதில்லை. அந்த 'ஆஃப்' செய்யும் வேலையைத் தமிழில் 'தீர்' செய்கிறது. பஞ்சாயத்தில் 'உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கிடுங்க' என்கிறோம். பேச்சால் வழக்கை முடிப்பது. 'அழுது தீர்த்தாள்' என்றால் அழ இனி மிச்சமில்லை. 'போய்த்தான் தீரணும்' என்றால் தப்பிக்க வழியில்லை. ஒரே துணைவினையில் மூன்று சாயல்: முடிவு கட்டுவது, முழுவதையும் செலவழிப்பது, கட்டாயம். பிளே-ஆஃப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்றும் அதில் இருக்கின்றன. ஆடித்தான் தீர வேண்டும், உடம்பில் இருப்பதையெல்லாம் ஆடித் தீர்க்க வேண்டும், ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு பொருத்தமான வினையைக் கையில் வைத்துக்கொண்டு நாம் 'பிளே-ஆஃப் சுற்று' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் 'தீர்வாட்டம்'. பல ஆட்டங்கள் சேர்ந்த கட்டத்துக்குத் 'தீர்வாட்டச் சுற்று'. 'சென்னையின் எஃப்.சி. ஆறாவது இடம் பிடித்துத் தீர்வாட்டச் சுற்றுக்குள் நுழைந்தது' என்று எழுதிப் பாருங்கள், தொண்டையில் சிக்கவில்லை.

புழக்கத்தில் இருக்கும் மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். 'தகுதிச் சுற்று' இன்னொரு கட்டத்துக்குப் போட்டது, ஐ.பி.எல்.லில் 'குவாலிஃபயர்' என்பதற்கு அது கச்சிதம். 'வெளியேற்றும் சுற்று' தோற்பவன் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறது, ஜெயிப்பவனுக்கு அதில் இடமே இல்லை. 'வாழ்வா சாவா ஆட்டம்' என்பதை விளையாட்டுப் பக்கத்துக்காரர்கள் எல்லா ஆட்டத்துக்கும் போட்டுத் தேய்த்துவிட்டார்கள்.

'தீர்ப்பாட்டம்' என்று வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். எனக்கு ஒப்பவில்லை. தீர்ப்பு என்பது மூன்றாம் ஆள் சொல்வது. நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு வளர்ந்த பாளையங்கோட்டையில் அந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஆட்டத்தில் முடிவு ஆடுபவன் காலிலிருந்து வர வேண்டும். ஒரே ஒரு ஆட்டத்துக்கு வேண்டுமானால் அந்தப் பெயரைக் கொடுக்கலாம். 2023 மார்ச் 3, பெங்களூருவில் கேரளா பிளாஸ்டர்ஸோடு நடந்த தீர்வாட்டத்தில், எதிரணி தடுப்புச் சுவர் கட்டும் முன்பே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்து வலைக்குள் போட்டார். கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவர் கோல் என்றார். பிளாஸ்டர்ஸ் மைதானத்தை விட்டே வெளியேறினார்கள். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை ரசிகர்களிடம் இந்தப் பேச்சை இன்றும் எடுக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

கால்பந்தில் இந்த ஆட்டத்தின் வரலாறும் 'தீர்' என்ற சொல்லுக்குச் சாட்சியாக இருக்கிறது. இங்கிலாந்தில் 1893 முதல் 1898 வரை, முதல் டிவிஷனின் கடைசி அணிகளையும் இரண்டாம் டிவிஷனின் முதல் அணிகளையும் மோதவிட்டு, அடுத்த வருஷம் யார் மேலே யார் கீழே என்று முடிவு செய்தார்கள். அப்போது பெயர் 'டெஸ்ட் மேட்ச்'. கிரிக்கெட் டெஸ்ட் இல்லை, கால்பந்து. 1898 இல் ஸ்டோக்கும் பர்ன்லியும் கடைசி ஆட்டத்தில் சந்தித்தபோது, டிரா ஆனாலே இரண்டு அணிக்கும் முதல் டிவிஷன் உறுதி என்ற நிலைமை. பிறகென்ன, கோலே இல்லாமல் முடிந்தது. ஆடினார்கள், ஆனால் எதையும் தீர்க்கவில்லை. அதோடு அந்த முறைக்கு மூடுவிழா நடத்திவிட்டு, அடுத்த பருவத்திலிருந்து நேரடி ஏற்றம், நேரடி இறக்கம் என்று மாற்றினார்கள்.

திரும்பி வர அநேகமாகத் தொண்ணூறு வருஷம் ஆயிற்று. 1986-87 பருவத்தில் பிளே-ஆஃப் என்ற பெயரிலேயே வந்தது. முதல் வருஷமே சார்ல்டனும் லீட்ஸும் இறுதியில் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்துச் சமமாக நின்றதால், பொதுவான மைதானம் ஒன்றில் மூன்றாவதாக ஓர் ஆட்டம் வைத்து, அதுவும் கூடுதல் நேரம் போய், சார்ல்டன் 2-1 என்று பிழைத்தது. தீரும்வரை ஆடினார்கள் என்பது இதுதான். 1990 முதல் இறுதி ஒரே ஆட்டம், பெரும்பாலும் லண்டனின் வெம்ப்லி மைதானத்தில்.

ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்கு நடக்கும் ஆட்டத்தையும் ஆங்கிலத்தில் பிளே-ஆஃப் என்பார்கள். அங்கே யாருக்கும் வயிறு கலங்குவதில்லை. அதைத் 'தீர்வாட்டம்' என்று சொல்ல மனசு வரவில்லை. 'மூன்றாமிட ஆட்டம்' போதும்.

சரி, ஆட்டத்துக்குப் பெயர் வைத்தாயிற்று. ஆட்டத்துக்கு முந்தின மணிநேரங்களில் ரசிகனுக்கு வருகிறதே, அதற்கு என்ன பெயர்?

'டென்ஷன்' என்போம். பௌதிகப் பாடத்தில் அது இழுவிசை. கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்தால் வருவது. உவமைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பேச்சில் டென்ஷனுக்குக் கோபம் என்றும் பொருள் வந்துவிட்டது. 'என்னை டென்ஷன் ஆக்காதலே' என்றால் அடி விழப்போகிறது. 'பதற்றம்' என்றால் போலீஸ் வந்துவிடும். அந்த வாரம் முழுக்கப் பதற்றமான வாக்குச்சாவடிகளைப் பற்றித்தான் செய்தி. 'படபடப்பு' கொஞ்சம் நெருங்குகிறது. ஆனால் வீட்டில் சொன்னால் பிரஷர் மாத்திரையைத் தேடுவார்கள். இவை எல்லாவற்றிலும் பயம் மட்டும்தான் இருக்கிறது, ஆசை இல்லை. வெறும் பயம் என்றால் ரசிகன் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவானே.

பயமும் ஆசையும் ஒன்றாகக் கலந்த ஒரு பழைய சொல் இருக்கிறது: 'விதுப்பு'. 'விதும்பல்' என்றும் வரும். குறளில் 127 ஆம் அதிகாரம் 'அவர்வயின் விதும்பல்'. பிரிந்து போனவன் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருப்பவளின் தவிப்பு. முதல் குறளிலேயே, பார்த்துப் பார்த்து ஒளி மங்கிய கண்ணும், அவன் போன நாட்களைச் சுவரில் தொட்டுத் தொட்டு எண்ணித் தேய்ந்த விரலும் வந்துவிடுகின்றன. உரைகாரர்கள் விதும்பலுக்கு 'விரைதல்' என்று பொருள் சொல்வார்கள், வேட்கையால் மனம் முந்திக்கொண்டு ஓடுவது. வருவான் என்று ஓடும், வரவில்லையென்றால் என்று நடுங்கும்.

ஆஸ்திரேலியாவின் ரசிகர்கள் 2005 நவம்பர் 16 அன்று சிட்னியில் இருந்த நிலை இதுதான். 1974க்குப் பிறகு அவர்கள் உலகக் கோப்பையைப் பார்க்கவில்லை. 1997 இல் ஈரானிடமும் 2001 இல் உருகுவேயிடமும் தீர்வாட்டத்திலேயே விட்டார்கள். மறுபடி அதே உருகுவே, முதல் ஆட்டத்தில் 0-1 தோல்வி. சிட்னியில் 1-0 என்று சமன் செய்து, பெனால்டி வரை போய், கடைசி உதையை ஜான் அலாய்சி வலைக்குள் போட்டபோதுதான் 31 வருஷத்து விதுப்பு இறங்கியது. இத்தாலிக்கு நேர்மாறு. 2022 மார்ச்சில் பலெர்மோவில் நடந்த உலகக் கோப்பைத் தீர்வாட்டத்தில் வடக்கு மாசிடோனியா, 90 நிமிடம் கடந்தபின் ஒரே ஒரு கோல் போட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பியது.

'விதுப்பு' டீக்கடையில் செல்லுமா என்றால், நாளைக்கே செல்லாது. ஆனால் எழுத்தில் 'டென்ஷன்' வரும் இடத்தில் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். 'ஆட்டத்துக்கு முன்பான விதுப்பு' என்றால் இடம் பார்த்தே பொருள் புரிந்துவிடும்.

இன்னும் ஒரு சொல்தான். 'நம்பிக்கை இருக்கா?' என்று அன்று பக்கத்தில் நின்ற தம்பியிடம் கேட்டேன். "இருக்குண்ணே, எப்படியும் ஜெயிச்சிருவோம்லா" என்றான். லீக்கில் மூன்றாவதாக முடித்த கோவா, தன் சொந்த மைதானத்தில், நாங்கள் ஆறாவது. ஆதாரம் ஏதாவது வேண்டாமா நம்புவதற்கு? வேண்டாம் என்கிறது தொல்காப்பியம். உரியியலில் 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்று ஒரு நூற்பா. அந்தக் காலத்தில் 'நம்பு' என்றால் விருப்பம். உண்மை என்று ஏற்றுக்கொள்ளும் பொருள் பின்னால் வந்து மேலே ஏறிக்கொண்டது. கால்பந்து ரசிகனின் நம்பிக்கையில் இன்னும் அந்தப் பழைய பொருள்தான் ஓடுகிறது. ஜெயிப்போம் என்று அவன் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை, ஆசைப்பட்டுச் சொல்கிறான். புள்ளிப் பட்டியலை அவனிடம் காட்டி என்ன பிரயோஜனம்?

அன்றைக்குக் கோவா 2-1 என்று ஜெயித்தது. போனை முறுக்குப் பாட்டிலிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட தம்பி, ஒரு டீ கேட்டான். அண்ணாச்சி பாய்லரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பால் தீந்துட்டுடே" என்றார். "வெளாட்டு?"

"அதுவும் தீந்துட்டு அண்ணாச்சி."