வீட்டு ஆட்களிடம் மட்டும் நன்றி ஏன் வாயில் வருவதில்லை?

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் ஆபிரகாம் லிங்கன் இதை நாடு முழுவதற்கும் அறிவித்தார். நான்காவது வியாழன்தான் என்று சட்டம் வந்தது 1941இல். அன்றைக்கு ஊர் ஊராகப் பிரிந்திருக்கும் குடும்பங்கள் ஒன்று கூடும். பல வீடுகளில் வான்கோழியில் கை வைப்பதற்கு முன், மேசையைச் சுற்றி இருக்கும் ஒவ்வொருவரும் தாங்கள் எதற்காக நன்றியோடு இருக்கிறோம் என்று சொல்வது வழக்கம். முறை தன்னிடம் வந்ததும் பலர் "நல்ல உடம்பு, நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார்கள்.

கடைக்காரரிடம் சட்டென்று வரும் 'தேங்க்ஸ்' கூடப்பிறந்தவரிடம் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2018இல் சைமியன் ஃபிளாய்டும் சக ஆய்வாளர்களும், எட்டு மொழிகள் பேசும் மக்களின் அன்றாடப் பேச்சை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். உப்பை எடுத்துக் கொடு, கதவைச் சாத்து போன்ற சின்ன உதவிகள்தான். கேட்ட உதவி பெரும்பாலும் கிடைத்தது. ஆனால் பதிலுக்கு நன்றி சொன்னது சுமார் 20 தடவையில் ஒரு தடவைதான். ஆங்கிலத்திலும் இத்தாலிய மொழியிலும் கொஞ்சம் அதிகம், ஏழில் ஒன்று. எக்குவடோரில் பேசப்படும் சாப்பலா மொழிப் பதிவுகளில் ஒன்றுகூட இல்லை.

இதை நன்றிகெட்டதனம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உறவுக்குள் உதவி செய்வது எழுதாத ஒப்பந்தம். செய்யாமல் விட்டால்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். நம் வீடுகளிலும் இதே கதைதான். சுட்டுப் போட்ட தோசைக்கு அம்மாவிடம் நன்றி சொல்லிப் பாருங்கள், "என்னடா ஆச்சு உனக்கு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

ஆனால் எழுதாத ஒப்பந்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. அவரவர் செய்த வேலை அவரவர் நினைவில் பெரிதாக நிற்கும். மைக்கேல் ராஸும் ஃபியோரே சிகோலியும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவியிடம் தனித்தனியாக "வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு?" என்று கேட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் இரண்டு பங்கையும் கூட்டினால் நூறைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் தேய்த்த பாத்திரம் நமக்கு ஞாபகம் இருக்கும், அடுத்தவர் கட்டிய கரண்ட் பில் கண்ணிலேயே பட்டிருக்காது. கண்ணில் படாததற்கு எங்கிருந்து நன்றி வரும்?

சரி, கண்ணில் பட்டுவிட்டது. அப்போதும் ஏன் சொல்வதில்லை? அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018இல் இதைச் சோதித்தார்கள். தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எழுதியவர்களையே ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு கடிதம் பெற்றவர்களிடமும் கேட்டார்கள். ஊகம் தப்பாகப் போனது. அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று இவர்கள் பயந்த அளவுக்கு அங்கே சங்கடம் இல்லை; நினைத்ததைவிடச் சந்தோஷம்தான் அதிகம். எழுதுகிறவர் வார்த்தை சரியாக அமையவில்லையே என்று குழம்பிக்கொண்டிருக்கிறார். வாங்குகிறவர் பார்ப்பது அதிலிருக்கும் பாசத்தை.

எதைச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். சாரா அல்கோவின் குழு காதல் ஜோடிகளை ஒருவருக்கொருவர் நன்றி சொல்லவைத்துப் பதிவுசெய்தது. "நீ செய்ததால் எனக்கு நிம்மதியாக இருந்தது" என்பது தன்னைப் பற்றியது. "உனக்கு எவ்வளவு பொறுப்பு!" என்பது எதிராளியைப் பற்றியது. இரண்டாவது வகை அதிகம் இருந்தபோதுதான் கேட்டவரின் மனம் கூடுதலாகக் குளிர்ந்தது. அந்த வகையில் பார்த்தால், மேசையைச் சுற்றிச் சொல்லும் "நல்ல உடம்பு, நல்ல குடும்பம்" யாரையும் நோக்கிப் போவதில்லை. ராத்திரியெல்லாம் கார் ஓட்டி வந்த மாமாவைப் பார்த்து, "இவ்வளவு தூரம் எங்களுக்காக வந்தீங்களே, உங்களுக்குத்தான் அந்த மனசு" என்று சொல்வது வேறு ரகம்.

இதற்கும் ஆயுள் உண்டு. மார்ட்டின் செலிக்மன் குழு 2005இல் வெளியிட்ட சோதனையில், நன்றிக் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி நன்றாகவே கூடியது. ஒரு மாதம் கழித்தும் அது தெரிந்தது. மூன்றாம் மாதம் அளந்தபோது பழைய நிலைக்கே வந்துவிட்டிருந்தது. அப்படியானால் நவம்பர் விருந்தில் மாமாவிடம் சொன்னது கிறிஸ்துமஸ் வரை தாங்கலாம். ஒன்று மட்டும்: செலிக்மன் அளந்தது கொடுத்தவரின் மகிழ்ச்சியை. வாங்கிய மாமாவுக்கு அது எவ்வளவு நாள் நீடிக்கும் என்பது அந்தக் கணக்கில் வராது.