அணைந்த கணினிக்குள் துடிக்கும் கல்

"மடிக்கணினிக்குப் புது பேட்டரி போட்டுவிட்டேன். ஆனாலும் இரவில் அணைத்துவிட்டு மறுநாள் திறந்தால், தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறது. இணையதளங்களும் திறக்க மறுக்கின்றன. புது பேட்டரியும் பழுதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பேட்டரி பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. பல மடிக்கணினிகளில் இன்னொரு சிறிய பேட்டரியும் உண்டு. பழுதுபார்ப்பவர்கள் அதைச் சீமாஸ் பேட்டரி என்பார்கள். பெரும்பாலும் அது சிஆர்2032 என்ற பட்டன் செல்: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரச் சுற்றை உயிரோடு வைத்திருப்பது இதன் வேலை. இது தீர்ந்தால் கடிகாரம் தன் தொடக்கத் தேதிக்குத் திரும்பிவிடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய தேதியில் நிற்கும் கணினியின் கண்ணுக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் கதவு திறக்கவில்லை.

இவ்வளவு சிறிய செல் எப்படி ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது? இங்கேதான் நான் வியந்து நிற்கும் பொருள் வருகிறது. கடிகாரச் சுற்றின் அருகே, அரிசி மணி அளவிலான உறைக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் தட்டிப் பார்த்த இசைக்கவையின் வடிவிலேயே அதைச் செதுக்கியிருக்கிறார்கள். குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் கொடுத்தால் அது வளையும். ஆகவே மின்சாரத்தால் மெல்லத் தூண்டிக்கொண்டே இருந்தால், அந்தக் கவையின் இரு கிளைகளும் விநாடிக்கு 32,768 முறை அதிரும்.

ஏன் இந்த விசித்திரமான எண்? 2-ஐ 15 முறை பெருக்கினால் 32,768. ஓர் எளிய மின்சுற்று, தன்னிடம் வரும் ஒவ்வொரு இரண்டு துடிப்புக்கும் ஒரு துடிப்பை வெளியே அனுப்பும். 32,768 உள்ளே போனால் 16,384 வெளியே வரும். அதை அடுத்த சுற்று 8,192 ஆக்கும். இப்படிப் பதினைந்து படிகள் இறங்கினால், கடைசிப் படியில் விநாடிக்கு மிகச் சரியாக ஒரே ஒரு துடிப்பு. கூட்டல் வேண்டாம், திருத்தம் வேண்டாம். பாதியாக்கிக்கொண்டே போனால் போதும். அதிர்வெண் இதைவிட மிக அதிகமானால் மின்செலவு ஏறும். மிகக் குறைந்தால் படிகம் பெரிதாகும். இந்த அளவில் சில மைக்ரோஆம்பியர் மின்னோட்டமே போதும் என்பதால், சுமார் 220 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள செல் பல ஆண்டுகள் உழைக்கிறது.

குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் இந்த அழுத்தமின் விளைவை 1880-இல் கியூரி சகோதரர்களான ஜாக்கும் பியரும் கண்டறிந்தார்கள். முதல் குவார்ட்ஸ் கடிகாரம் 1927-இல்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவானது. இடையில் 47 ஆண்டுகள். "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்கான நிதியை வெட்டுவோர் இந்த இடைவெளியை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே குவார்ட்ஸை நோய் தீர்க்கும் கல் என்று விற்பதைக் காணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. அந்தக் கல்லின் மெய்யான ஆற்றல் அதைவிட எவ்வளவோ அழகானது.

சரி, உங்கள் கடிகாரத்துக்கு வருவோம். பிழை எவ்வளவு என்று முதலில் பாருங்கள். படிகத்தில் பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை இருந்தால், நாளுக்கு 1.7 விநாடி விலகும். மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இணையத்தோடு ஒத்திசைந்தால் அது தெரியவே தெரியாது. ஆண்டுக்கணக்கில் பின்னால் போனால் பட்டன் செல்லைச் சந்தேகியுங்கள். சரியாகச் சில மணி நேரம் மட்டும் மாறினால், நேர மண்டல அமைப்பைப் பாருங்கள். ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரு இயங்குதளங்களும் இருந்தாலும் இது நேரும்: முன்னது வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும், பின்னது வழக்கமாக உலகப் பொது நேரத்தை எழுதும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரம் தவறினால் பட்டன் செல்லைக் குறை சொல்ல முடியாது. அப்போது நேரத்தை எண்ணுவது இயங்குதளம்தான்.

சார்ஜ் 30 சதவீதம் என்று காட்டியபடியே கணினி திடீரென அணைந்தால், அது பெரிய பேட்டரியின் கோளாறு. மூப்படைந்த செல்லின் உள்மின்தடை கூடி, வேலை அதிகமாகும்போது மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது.

பட்டன் செல்லை மாற்றுமுன் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்; 2.5 வோல்ட்டுக்குக் கீழே என்றால் மாற்ற வேண்டியதுதான். பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளையும் கட்டாயம் படியுங்கள். சில மடிக்கணினிகளில் இருப்பது மீண்டும் சார்ஜ் ஆகும் எம்எல் வகை. அந்த இடத்தில் சிஆர் வகையைப் பொருத்தினால், சார்ஜ் ஏற்கக் கூடாத செல்லுக்குள் மின்சாரம் ஏறி, அது கசியவோ வெடிக்கவோ கூடும்.